பெயர் கேட்ட பிறகுதான் ஊசி

சுனாமி நாளின் ஆஸ்பத்திரி நெரிசலில், ஒருவருக்குரிய ஊசியை இன்னொருவருக்குப் போட்டுவிட்டாள் தாதி கேதீஸ்வரி. அவர் பிழைத்துக்கொண்டார், அவளும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து பெயர் கேட்காமல் அவள் ஊசியைத் தொட்டதில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடமும் தலையில் குட்டாத குறையாக அதையே சொல்வாள். ஏனென்று மட்டும் சொல்லமாட்டாள்.

யுத்தம் முடிந்த மாதம், வன்னியிலிருந்து காயத்தோடு வந்த ஒரு பெண் பெயர் சொல்ல மறுத்தாள்.

"பேர் எழுதினவைதான் என்ர மகனைக் கூட்டிக்கொண்டு போனவை."

கேதீஸ்வரி பதிவேட்டை மூடிவைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"என்ட பேர் கேதீஸ்வரி. சுனாமி நேரம் ஆள்மாறி ஊசி போட்டுட்டன். அதுதான் கேக்கிறன்."

"ஆருக்கும் தெரியுமோ, மிஸ்ஸி?"

"இல்ல. உங்களிட்டத்தான் முதல்ல சொல்றன்."

அந்தப் பெண் ஊசிக்குக் கையை நீட்டினாள்.

"புனிதவதி. எழுதுங்கோ."