குணாளனின் பிடி

வலது கை வரவில்லை. கஸ்தூரி மெல்ல இழுத்துப் பார்த்தாள். செத்துக் கிடந்த கணவன் குணாளனின் விரல்கள் அவள் கையை இறுகப் பிடித்திருந்தன.

காலையில் ஆஸ்பத்திரி வேனில் ஏறியதும் அவள்தான் அந்த விரல்களைத் தன் கைமேல் மடித்து வைத்துக்கொண்டாள். மாசாயில் இருக்கும் வீட்டுக்கு வந்து, கூடத்தில் கிடத்தி, மணி பன்னிரண்டாகியும் கையை எடுக்கவில்லை. இப்போது எடுக்கலாமென்றால் அவன் விடவில்லை.

பாசிர் கூடாங் துறைமுகத்தில் இரும்புச் சங்கிலி இழுத்த கை அது. ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் டாக்டர் தன் விரலைக் கொடுத்து அழுத்தச் சொல்வார். ஒருநாள்கூட அவனால் முடியவில்லை. தொடையும் தோளும் கண்ணெதிரே வற்றிப்போயின. அந்தக் கைக்கு இப்போது இத்தனை பலம் எங்கிருந்து வந்தது? கஸ்தூரிக்குப் பயமாக இருந்தது.

கெண்டைக்காலில் பட்டிருந்த காயத்தின் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். தசைக்குள் பூட்டிக் கிடந்த கால்சியம் கசிந்து, தசையைத் தின்னும் எதையோ கிளப்பிவிட்டதாம். சிங்கப்பூர் கிளினிக்கில் வேலை பார்க்கும் மகள் லோஷினி அதைத் தமிழில் சொன்னபோது கஸ்தூரியின் காதில் கால்சியம் என்ற சொல் மட்டுந்தான் விழுந்தது. கெண்டைக்கால் வலி என்று அவன் படுத்ததும், ஷிஃப்டில் நின்ற அலுப்புதான் என்று கால்சியம் மாத்திரையும் சூடான பாலும் கொடுத்தவள் அவள். நாலு நாள் கொடுத்தாள்.

மாத்திரையால் வந்ததா என்று லோஷினியைக் கேட்கச் சொன்னாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கழிந்த அந்த நாலு நாளைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

குளிப்பாட்டுமுன் வாயில் பால் விடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். குணாளனின் அக்கா புஷ்பவள்ளி தம்ளரை நீட்டினாள்.

"நீதாம்மா மொதல்ல ஊத்தணும்."

"பால் வேணாம் அண்ணி. தண்ணி ஊத்துறேன்."

தண்ணீர் ஆகாது என்றாள் புஷ்பவள்ளி. கஸ்தூரி இடது கையை நீட்டியதும் அதுவும் ஆகாது என்றாள். அப்போதுதான் எல்லோரும் அந்தப் பிடியைப் பார்த்தார்கள்.

லோஷினி அருகில் வந்து உட்கார்ந்தாள். "பயப்படாதம்மா. இதுவும் அந்தக் கால்சியந்தான். செத்தா எல்லாருக்கும் இறுகும். தானா விட்டுரும்."

"எப்ப?"

"நாளைக்கு."

இன்றைக்கு மூன்று மணிக்கே சவத்தை எடுக்கிறார்கள்.

புஷ்பவள்ளி சுடுதண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தம்பியின் விரல்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். வெகுநேரம் தேய்த்தும் ஒன்றும் அசையவில்லை. கஸ்தூரி குனிந்தாள். அவன் காதருகே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"காயத்தப் பாத்தேங்க. பாத்துட்டுத்தான் பேசாம மாத்திரையக் குடுத்தேன்."

சுண்டுவிரல் முதலில் நெகிழ்ந்தது. பிறகு மற்றவை, ஒன்றொன்றாக. சுடுதண்ணீர்தான் வேலை செய்தது என்றாள் புஷ்பவள்ளி.

கஸ்தூரி தம்ளரை வலது கையில் வாங்கி, அவன் உதட்டுக்கிடையில் பாலைச் சாய்த்தாள். ஒரு சொட்டுகூட வழியவில்லை. அடுத்து லோஷினி ஊற்றியது கடைவாயில் வழிந்தது. புஷ்பவள்ளி ஊற்றியதும் வழிந்தது. கஸ்தூரி, நாலு விரல் தடம் பதிந்திருந்த கையால் அதைத் துடைத்துவிட்டாள்.