கெய்சரிக்கின் எண்பதாயிரம் பேர்

எண்பதாயிரம் பேர் கடல் கடப்பதைப் பன்னிரண்டு பேரை வைத்து எப்படிக் காட்டுவது? கிழக்குத் தாம்பரத்துச் சர்ச் ஹாலில் ஜெபசீலனை அரித்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவர். சர்ச்சின் கிறிஸ்துமஸ் நாடகங்களை எழுதுகிறவரும் அவரே. இந்த வருடம் வாண்டல்கள் என்ற ஐரோப்பியப் பழங்குடியின் அரசன் கெய்சரிக்கை எடுத்திருந்தார். ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கும் முன்பு, துரத்தப்பட்டு ஐரோப்பாவின் தென்கோடிக்கு வந்து சேர்ந்த தன் ஜனத்தை ஒட்டுமொத்தமாக ஆப்பிரிக்காவுக்குப் படகேற்றியவன். பரிசுத்த அகஸ்டின் இருந்த ஊரை முற்றுகையிட்டவன்.

போன வருடம் செங்கடல். இஸ்ரவேலர் மேடையைக் கடந்து, பின்பக்கமாக ஓடி, மறுபடி வந்தார்கள். மூன்றாம் சுற்றில் யாரோ, "கால்ல பேண்டேஜ் கட்டுன அண்ணன் திரும்ப வராரு பாரு" என்றதும் ஹாலே சிரித்தது. மோசேயும் கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கமிட்டிச் செயலாளர் எட்மண்ட் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்தத் தடவையும் சனம் சிரித்தால் நாடகம் அத்தோடு சரி, இனிமேல் பாட்டு மட்டும்தான். நாடகம் இல்லாத டிசம்பரை ஜெபசீலனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நாடகத்தன்று சாயங்காலம் ஆயர் வீட்டுக்குப் போன் வந்தது. மறைமலை நகர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரையும் ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டார்களாம். வாண்டல்கள் மொத்தமும் அவர்கள்தான். மிஞ்சியது அரசன் வேடம் போடும் தனசிங் மட்டும். ஜெபசீலன் ரிசீவரை வைக்க மறந்து நின்றார். அப்போது பார்த்துக் கரண்ட்டும் போனது.

தட்டுத்தடுமாறி ஹாலுக்குள் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேடையில் கடலுக்காகத் தொங்கவிட்டிருந்த வெள்ளைத் துணியில் நான்கு பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நான்கு பேர் இடுப்பிலும் குழந்தை. நான்கு பேரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள்.

துணியை விலக்கினால், அவர் மனைவி ரத்தினபாய் மட்டும் கைக்குழந்தையோடு பால்புட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பெஞ்சில் நான்கு மெழுகுவர்த்திகள்.

"மத்தவங்க எங்க?"

"எவங்க? என்னங்க, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

அவர் ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு முன்பக்கம் ஓடினார். துணியில் மூன்று பெண்கள். மறுபடி ஏற்றினார், நான்கு. ஒரு சுடருக்கு ஒரு நிழல். ஆசை பிடித்துப் பத்து ஏற்றிப் பார்த்தார். ஒன்றின் நிழல் மேல் மற்றதெல்லாம் வெளிச்சம் அடித்து, எல்லா நிழலும் சாயம் போய்விட்டது. நான்குதான் சரி.

"அதெல்லாம் சரி சார், நிழல் விழ ஆள் வேணுமே. சோல்ஜருக்கு எங்க போறது?" என்றார் அரசன் வேடத்தோடு வந்து நின்ற தனசிங்.

அந்தக் கேள்வியில் ஜெபசீலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படகேறும் முன் கெய்சரிக் தலைகளை எண்ணச் சொன்னான். கிழவர், அடிமை, அன்றைக்குப் பிறந்த சிசு, ஒன்று விடாமல். அந்த எண்பதாயிரமும் படைவீரர்கள் என்று எதிரி நம்பிப் பயந்தான். இதைப் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுக்கிறவர், மேடையில் மட்டும் வாட்டசாட்டமான ஆண்களாகப் பார்த்து ஏற்றியிருந்தார். இப்போது பாடகர் குழுப் பெண்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், மணியடிக்கும் ஐசக் என்று கையில் அகப்பட்ட எல்லோரையும் துணிக்குப் பின்னால் தள்ளினார். கரண்ட் வந்தாலும் விளக்கு எரியாதபடி மெயினை அணைக்கச் சொன்னார்.

தனசிங் துணிக்கு முன்னால் நொண்டி நொண்டி வந்தார். கெய்சரிக் குதிரையிலிருந்து விழுந்து கால் ஊனமானவன். "எண்ணுங்கள். தொட்டிலில் கிடப்பதையும் எண்ணுங்கள்" என்றார்.

அவருக்குப் பின்னால் ஜனம் நகரத் தொடங்கியது. மூட்டை, கம்பு, குழந்தை. சுடர் அசைந்ததில் கடலும் அசைந்தது. போய்க்கொண்டே இருந்தார்கள்; முடியவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் எட்மண்ட், தான் எழுந்துவிட்டதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

முடிந்ததும் நேரே பின்னால் வந்தார். "எத்தனை பேரை சார் கூட்டிட்டு வந்தீங்க?" எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். "பத்துப் பேர்தானா?" அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடம் பாட்டுக்கு அரைமணி நேரம் போதும், மிச்சமெல்லாம் நாடகத்துக்கு என்றார்.

ஜெபசீலன் விளக்கினார். துணிக்குப் பின்னால் தள்ளி, ஒன்றுக்கொன்று ஓரடி இடைவெளியில் நான்கு மெழுகுவர்த்திகள். சுடருக்கும் துணிக்கும் நடுவே நடந்தால் ஓர் ஆளுக்கு நான்கு நிழல். சுடருக்குப் பின்பக்கமாகத் திரும்பி வந்தால் நிழலே விழாது. நிழலுக்கு முகம் கிடையாது. அதனால் பத்துப் பேர் எத்தனை சுற்று வந்தாலும், வருகிறவர்கள் எல்லோரும் புது ஆட்கள்தான்.