போர்ட் பக்கத்து ஓட்டை

மார்ட்டினுக்குக் காது மந்தமானதற்குக் கப்பலைக் குறை சொல்ல முடியாது. என்ஜின் அறைக்குள் இறங்குகிறவர்கள் காதில் மாட்டிக்கொள்ள வேண்டிய மூடியை அவனுக்கும் கொடுத்துத்தான் இருந்தார்கள். இருபத்தாறு வருஷமாக அது கேபினில் ஓர் ஆணியில் தொங்கியது. "அதை மாட்டினா என்ஜின் பேசுறது கேக்காது" என்பான். என்ஜின் பேசியதையெல்லாம் கேட்டுக் கேட்டு, கடைசியில் மனுஷர் பேசுவது கேட்காமல் போனது. போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபார், கச்சால் என்று போய்வரும் கப்பலில் அவனுக்கு வேலை. வயது ஐம்பத்திரண்டு. கனத்த சத்தம் கொஞ்சம் கேட்கும். குக்கர் விசில், குருவி, கிட்டாரின் மெல்லிய கம்பிகள் எல்லாம் சுத்தமாகக் கிடையாது.

கிட்டார் வாசிக்கிறவர்கள் அவன் குடியிருக்கிற டெய்ரி ஃபார்ம் பகுதியில் நாலைந்து பேர் இருப்பார்கள். கிட்டார் செய்கிறவன் இவன் ஒருத்தன்தான். லீவு நாட்களில் கூட்டாளிகள் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போவார்கள். இவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைக்குள் போய் மரத்தைத் தட்டிக்கொண்டிருப்பான். எல்லாம் ஒரு ஆசைக்குத்தான், விற்பதற்கு இல்லை. விற்கிற மாதிரி எதுவும் அமையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் கிட்டார் ஒரே மழைக்காலத்தில் வளைந்து, கம்பி கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இரண்டாவதன் முதுகு பிளந்தது. மூன்றாவது நன்றாகவே வந்தது, அதைத்தான் மாதா கோயிலில் பாடுகிற கொயரில் வாசித்துக்கொண்டிருந்தான். அதற்கும் வந்தது வினை.

போன ஈஸ்டர் பாஸ்காப் பூசையில் நடந்தது அது. உயிர்ப்புப் பாட்டு முடிந்துவிட்டது. அவன் மனைவி பெனிட்டாதான் முன்குரல். அவள் முடித்தாள், கொயர் முடித்தது, சாமியார் கையை விரித்து ஜெபத்தைத் தொடங்கியும்விட்டார். மார்ட்டின் மட்டும் குனிந்த தலை நிமிராமல் இன்னொரு சரணத்தை வாசித்துக்கொண்டிருந்தான். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கொயரை நடத்துகிற பிரிஸ்கில்லா டீச்சர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அவனுக்கு விளங்கியது. ஐயோ, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வராதே என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனாகவே நின்றுகொண்டான். கிட்டாரைக் கொயருக்கே கொடுத்துவிட்டான். டீச்சர் கீபோர்டு கொண்டுவந்தார். இரண்டு ஞாயிறு கழித்து பெனிட்டாவும் நின்றுவிட்டாள். கேட்டால், "தொண்ட கட்டியிருக்கு" என்றாள். எட்டு மாசமாக அவிழாத அப்படி ஒரு தொண்டைக்கட்டு உலகத்தில் உண்டா? கொயரில் மட்டும் இல்லை, அடுப்படியிலும் அவள் பாடுவதில்லை. அவள் பாட்டை அவன் காதால் கேட்டே ரொம்ப நாளாகிறது, கண்ணால்தான் கேட்பான். பாடும்போது அவளுக்கு இடது புருவம் ஏறும், கழுத்து நரம்பு அசையும். அதுவும் இல்லாத வீட்டில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன்னால்தான் அவள் பாட்டு நின்றது, தனக்கு நேர்ந்த அவமானத்தில்தான் நின்றது என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

ஜனவரியில் அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. கோயிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லியாயிற்று. அன்றைக்கு அவன் வாசிக்க வேண்டும், அவள் பாட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தியே இரண்டு பேரும் சேர்ந்து பழகிய மாதா பாட்டு ஒன்று உண்டு, அது போதும். அதற்குத் தன் சத்தம் தனக்குக் கேட்கிற மாதிரி ஒரு கிட்டார் வேண்டும். நாலாவது கிட்டார் அப்படித்தான் தொடங்கியது.

மரம் பக்கத்து வீட்டு நந்தகுமாரிடமிருந்து வந்தது. மதுரைக்காரர், ரோடு கான்ட்ராக்டர். பெரார்கஞ்சில் தன் மாமனார் வீட்டில் கிடந்த பழைய படாக் மரக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையை வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். சிவப்பு என்றால் அப்படிச் சிவப்பு. கிட்டாரின் முகத்துக்கு மட்டும் வெள்ளை மரம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. ஈரம் ஏறாமல் இருக்க, கெட்டுப்போன ஃப்ரிட்ஜுக்குள் ஒரு குண்டு பல்பைப் போட்டு எரியவிட்டு, பலகைகளை அதற்குள் அடுக்கினான்.

"எல்லாரும் ஃப்ரிட்ஜுல மீன் வைப்பாக. எங்க வீட்டுல மரத்த வச்சிருக்காக" என்று பெனிட்டா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கிட்டாரின் பக்கச் சுவராகிற விலாப் பலகையை நனைத்து, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி அழுத்தி இடுப்பு வளைவைக் கொண்டுவந்தான். பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக அறுத்துக் கவ்விகள் செய்தான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சத்தம் வாசிக்கிறவன் காதுக்கு நேராக வர, கிட்டாரின் விலாவில் எலுமிச்சம்பழம் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை போடுவது உண்டு. அதைப் போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரத் தாடிக்காரர் சொல்லித் தந்தார். மார்ட்டின் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டான். அதற்குப் பெயர் சவுண்ட் போர்ட்டாம். போர்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் மார்ட்டினுக்கு ஒரே சந்தோஷம். அட, நம்ம பாஷை! எந்தப் பக்கம் போட வேண்டும் என்று தாடிக்காரர் விளக்கத் தொடங்கியபோது இவன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கப்பல்காரனுக்கு போர்ட் எந்தப் பக்கம் என்று ஒருத்தன் சொல்லித் தர வேண்டுமா? கப்பலின் முன்முனையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் போர்ட், வலது கைப்பக்கம் ஸ்டார்போர்ட். கிட்டாருக்கு முன்முனை அதன் தலை. அவ்வளவுதானே!

அவ்வளவுதான், கிட்டார் நிமிர்ந்து கிடந்திருந்தால். செய்யும்போது கிட்டாரை முகம் குப்புறத்தான் போட்டிருப்பார்கள். முதுகை மூடுகிறவரை அது திறந்துதான் கிடக்கும். உள்ளே குறுக்கும் நெடுக்கும் சட்டங்கள், சுற்றிலும் வளைந்த விலா. மார்ட்டின் கண்ணுக்கு அது அசல் டிங்கிப் படகு. படகின் முன்முனையைப் பார்த்து நின்றான், இடது பக்கம் பென்சிலால் குறித்தான், அறுத்தான், உப்புத்தாள் போட்டு இழைத்தான். ஒரு தடவைகூட அதைப் புரட்டிப் பார்க்கவில்லை மகராசன்.

பூசைக்கு நாலு நாள் இருக்கையில் கம்பி கட்டினான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஜெபம் சொல்லி, ஒரு இழுப்பு இழுத்தான். காதுக்கு ஒன்றும் வரவில்லை. தொடைதான் அதிர்ந்தது. குனிந்து பார்த்தால், காதைப் பார்த்து இருக்க வேண்டிய ஓட்டை காலுக்கடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நந்தகுமார் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அரே மார்ட்டின் பாய், கீழ என்ன ஓட்டை? மழைத்தண்ணி வடியவா?"

அது மட்டும் மார்ட்டினுக்குக் கேட்டுத் தொலைத்தது. கிட்டாரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டான். அழுகை வந்தது, அழுதான்.

சோறு போடும்போது பெனிட்டா கேட்டாள். "மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

"போர்ட்டு ஸ்டார்போர்டாயிட்டு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் கையாலேயே படகு மாதிரி காட்டி, கையைக் கவிழ்த்து, ஓட்டையைக் காட்டி விளக்கியதும் சிரித்தாள் பாருங்கள், புரையேறித் தண்ணீர் குடிக்கிற அளவுக்குச் சிரிப்பு. பாஸ்காவுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் பார்க்கவே இல்லை. அதனால் கோபப்படவும் முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் ஒரு முடிவோடு கொட்டகை வாசலில் உட்கார்ந்தான். மேல்பக்கம் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியதுதான். ஒரு கிட்டாருக்கு ஓர் ஓட்டை போதும், இரண்டு பக்கமும் அறுத்தால் உடம்பு தாங்குமா என்று பயமாகத்தான் இருந்தது. வேறு வழி? பென்சிலால் வட்டம் குறித்துவிட்டு, அறுக்குமுன் கடைசியாக ஒரு தடவை வாசித்துப் பார்ப்போம் என்று எடுத்தான். பெனிட்டா அவன் காலடியில் தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். போனில் சுருதி காட்டுகிற முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கம்பிகளைக் கூட்டினான். பிறகு அந்த மாதா பாட்டு.

இரண்டு அடி வாசித்திருப்பான். கீரை உருவுகிற கை நின்றது. குனிந்து பார்த்தான். அவளுடைய இடது புருவம் ஏறியிருந்தது. கழுத்து நரம்பு அசைந்தது.

"ஏ பெனிட்டா, பாடுதியா?"

அவள் டக்கென்று வாயை மூடிக்கொண்டாள். "இல்ல."

"பாடுன. நான் பாத்தேன். தொண்டைக்கட்டு என்னாச்சு?"

பெனிட்டா கீரையைத் தள்ளி வைத்தாள். மனசில் இருப்பதைப் புருஷனிடம் மெதுவாகச் சொல்லும் பாக்கியம் அவளுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. அவனிடம் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினாள்.

"உங்க சத்தம் எனக்குக் கேக்கல!"

"என்னது?"

"ரெண்டு வருசமா நீங்க பயந்து பயந்து வாசிச்சீய! தப்பு வந்துருமோன்னு கம்பிய வருடிக்கிட்டே இருந்தீய! பக்கத்துல நிக்குத எனக்கே கேக்கல! அந்தக் கீபோர்டு என்னைய இழுத்துட்டு ஓடுது. அதுக்குப் பின்னால என்னால ஓட முடியாது. நான் உங்களுக்குத்தான் பாடிப் பழகுனவ!"

பக்கத்து வீட்டில் டிவி சத்தம் நின்றது. நந்தகுமாருக்குக் காது நல்ல காது.

மார்ட்டின் திகைத்துப்போனான். எட்டு மாசமாகத் தன் காதுக்கு வழி செய்கிறேன் என்று அறுத்ததும் இழைத்ததும் என்ன! கேட்காமல் தவித்தது அவள் காதல்லவா! "என்னட்ட ஏன் சொல்லல?"

"காது கேக்காத மனுசன்ட்ட போயி, உங்க சத்தம் கேக்கலன்னு எப்பிடிச் சொல்ல?" இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அது அவனுக்குக் கேட்கவில்லை, உதடு நடுங்குவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். "இப்ப கேக்குது. நேரா என் காதுக்கு வருது. அந்த வட்டத்த அழிங்க. இன்னொரு ஓட்ட கீட்ட போட்டீய, கீரக்கொழம்பு கெடையாது."

அவன் எச்சிலைத் தொட்டுப் பென்சில் வட்டத்தை அழித்தான்.

ஆனாலும் ஒரு பயம் மிச்சமிருந்தது, அதைச் சொல்லவும் செய்தான். "எப்ப நிறுத்தணும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? திரும்பவும் நான் பாட்டுக்கு வாசிச்சிட்டே இருந்தா?"

"என் கைய உங்க கால்ல வச்சிருக்கேன். எடுத்தா நிறுத்துங்க."

பூசையன்று கோயிலில் நல்ல கூட்டம். கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார வேண்டியவள், நற்கருணை முடிந்ததும் எழுந்துபோய், கொயர் பக்கம் மார்ட்டினின் காலடியில் பாயில் உட்கார்ந்துகொண்டாள். கிட்டாரின் ஓட்டைக்கு நேராக அவள் காது. "இது என்ன கூத்து" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பிரிஸ்கில்லா டீச்சர் கீபோர்டின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பெனிட்டா அவன் கணுக்காலில் கையை வைத்தாள்.

மார்ட்டின் பயப்படாமல் வாசித்தான். தப்பு வந்தால் வரட்டும் என்று வாசித்தான். அவன் இருந்த இடத்திலிருந்து அவள் முகம் தெரியவில்லை, தலையில் வைத்திருந்த பூவும் வகிடும்தான் தெரிந்தன. முதல் சரணம், இரண்டாம் சரணம். கணுக்காலில் கை சூடாக இருந்தது. மூன்றாம் சரணம் முடிகிற இடத்தில் கை எடுபடும் என்று காத்திருந்தான். எடுபடவில்லை. சரி, முதலிலிருந்து பாடுகிறாள் போல என்று இவனும் முதலிலிருந்து எடுத்தான்.

பாதியில் தற்செயலாக நிமிர்ந்தான். கொயரில் ஒரு வாயும் அசையவில்லை. சாமியார் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் நந்தகுமார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோயிலே அசையாமல் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மார்ட்டினுக்குப் பாஸ்காப் பூசை ஞாபகம் வந்துவிட்டது. விரல் தடுமாறக் குனிந்தான்.

"முடிஞ்சிட்டா?" அவனுக்கே கேட்காத குரலில் கேட்டான்.

பெனிட்டா அண்ணாந்து பார்த்தாள். கன்னமெல்லாம் ஈரம். அவனுக்குப் புரிய வேண்டும் என்று உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைத்துச் சொன்னாள்.

"எப்பவோ முடிஞ்சிட்டு. நீங்க வாசிங்க."

கையை அவள் எடுக்கவில்லை.