நான்காவது வரி

காலையிலிருந்து அவன் துப்பிக்கொண்டிருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதில் கால்வாசி அவனுடைய எச்சில். சூயிங்கத்தை மென்று மென்று ஊறுவதை விழுங்காமல் அதற்குள் விட வேண்டும். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அறுபது கிலோ பிரிவில் சண்டை போடுகிறவன் எடை மேடையில் ஏறும்போது அறுபதுக்கு மேல் துளி காட்டினாலும் ஆட்டம் கிடையாது. உடம்பில் கரைக்கக் கொழுப்பு மிச்சமில்லாதவன் எச்சிலையாவது கரைத்துத்தானே ஆக வேண்டும்? மேலே நுரை கட்டி, ஈறு வெடித்த ரத்தம் இழையிழையாக மிதக்க, இளஞ்சூடாகக் கைக்குள் இருந்த அதைப் பார்க்கப் பார்க்கக் குமட்டிக்கொண்டு வந்தது.

"இன்னும் நூறு கிராம்தான் மாப்ள. துப்பு, நல்லாத் துப்பு" என்றார் மச்சான்.

பயிற்சியாளரும் அவர்தான், மனைவியின் அண்ணனும் அவர்தான். பதினேழு வயதில் அவனை ரிங்கில் ஏற்றிவிட்டு, இருபத்து நான்கில் தங்கையையும் கட்டிக்கொடுத்தார். ஆகவே குத்துச்சண்டையை மறந்து வீட்டுக்குப் போகலாம் என்றால் வீட்டிலும் அதுதான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் அவனுக்குக் கம்பி என்று பேர். ஒல்லி உடம்பு, நீளக் கை, குத்து எங்கிருந்து வருகிறது என்று எதிராளிக்குப் புரிவதற்குள் ரவுண்டு முடிந்துவிடும். முதல் முப்பத்தொரு சண்டையில் நான்கில்தான் தோற்றான். அப்புறம் வேகம் ஒரு நூல் குறைந்தது. இந்தத் தொழிலில் ஒரு நூல் போதும். இப்போது முப்பத்தைந்து வயதில் அவனுக்குக் கொடுத்திருக்கும் வேலையே வேறு. புதிதாகக் கிளம்புகிறவர்களை மேலே ஏற்றிவிட, பேர் சொல்லும்படியான ஆள் ஒருவன் வேண்டும். அவன் சீக்கிரம் விழவும் கூடாது, ஜெயித்துத் தொலைக்கவும் கூடாது. "கம்பிகிட்ட எட்டு ரவுண்டு நின்னுட்டான்னா ஆள் தேறிட்டான்னு அர்த்தம்" என்று போட்டி அமைப்பாளர் அவனை வைத்துக்கொண்டே சொல்லுவார். பிள்ளைகள் எழுதிப் பழகும் சிலேட்டுக்கு உள்ள மரியாதைதான் அவனுக்கும். அதற்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான் என்பதை நினைத்தால் இந்த எச்சில் பாட்டிலே தேவலை என்று இருந்தது.

இடது கண் போய் ஏழு மாதம் ஆகிறது. ஒரு பயிற்சியின்போது கிளவுஸின் கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. முதலில் ஓரத்தில் கறுப்பாக ஏதோ தொங்கியது. பிறகு மெல்ல மெல்ல முழுக்க மூடிக்கொண்டது. இப்போது வெளிச்சம், இருட்டு என்கிற வித்தியாசம் மட்டும் தெரியும். மச்சானுக்குத் தெரியும். தெரிந்துதான் "கழுத்தை இடது பக்கம் கொஞ்சம் திருப்பியே வெச்சுக்க" என்று புது நிலை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். மனைவியிடம் மறைத்தார்கள். ஆனால் அவள் போன வாரம் அவனுடைய இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே நாக்கை நீட்டி, கண்ணை உருட்டி, என்னென்னவோ கோணங்கி காட்டியிருக்கிறாள். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தான். திரும்பிப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"நீயா நிறுத்த மாட்ட. எங்கண்ணன் நிறுத்தவும் விடமாட்டான்" என்றாள். "டாக்டர் நிறுத்தினா ஒருத்தரும் உன்னை பயந்தாங்கொள்ளின்னு சொல்ல முடியாதுல்ல? கண்டுபிடிக்கட்டும். நீ மாட்டிக்க, போதும். இருக்கிற இன்னொண்ணையும் குடுத்துட்டு வராத."

மாட்டிக்கொள்வதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

மாட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. பதினோரு வருஷமாக இந்த அரங்கில் அதே டாக்டர், சுவரில் அதே எழுத்து அட்டை. குத்துச்சண்டைக்காரர்கள் எல்லோருக்கும் அது தலைகீழ்ப் பாடம். உடை மாற்றும் அறையில் ஒருவன் சொல்ல இன்னொருவன் ஒப்பிப்பான். முதல் வரி ப. இரண்டாவது ட, ம. மூன்றாவது ர, ச, ன. நான்காவது வரிதான் பரீட்சை: ய, வ, ட, ப. அந்த வரியில் ஒன்றிரண்டைத் தப்பாகச் சொல்வது என்று முடிவுசெய்துகொண்டான்.

உள்ளே டாக்டர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். துணுக்கெல்லாம் படிவத்தின்மேல். அவற்றை ஊதிவிட்டு, அதே விரலால் அவன் இமையை இழுத்துப் பார்த்தார். மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர், வெளியே வியர்த்து வழிய. அதைத் தவிர அந்த அறையில் வேறு எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

"வலது கண்ணை மூடிட்டுப் படி."

உள்ளங்கையால் மூடிக்கொண்டான். கலங்கின வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. மூன்று வரியை ஒழுங்காக ஒப்பித்தான். நான்காவதில், "ய, வ, ன..." என்று நிறுத்தினான். ஒன்றும் கேட்கவில்லை, பிஸ்கட் மெல்லும் சத்தம்தான். "ழ" என்றான். அட்டையிலேயே இல்லாத எழுத்து. "ம், அடுத்தது" என்றார் டாக்டர். ஐந்தாவது வரியில், "க, க, க, க, க" என்றான். ஐந்து வயதுக் குழந்தைகூடச் சிரித்திருக்கும்.

"பேஷ். நல்லாத் தெரியுதே" என்றார் டாக்டர். பேனா காகிதத்தில் ஓடியது.

கையை எடுத்தான். எதிரே புதிதாக வெள்ளையடித்த வெறும் சுவர். நடுவில் ஒரு ஆணி.

"அட்டை எங்க சார்?"

"வெள்ளையடிக்கக் கழட்டினாங்க, எங்க வெச்சாங்களோ தெரியல. அதனாலென்ன, உனக்குத்தான் மனப்பாடமாச்சே."

இந்த ஏழு மாதமும் டாக்டரை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக அவன் நினைத்திருந்தான். திருட்டுத்தனம்தான் என்றாலும் அதில் ஒரு சின்ன கெட்டிக்காரத்தனமாவது தன்னுடையது என்று இருந்தது. அதுவும் இல்லையென்று ஆனதும் உடம்பெல்லாம் கூசியது. இமையில் பிஸ்கட் துணுக்கு ஒட்டியிருந்தது.

"சார், எனக்கு இடது கண்ணு சுத்தமாத் தெரியாது."

டாக்டர் மெல்லுவதை நிறுத்தினார். முதல்தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார்.

"முன்னாடியே சொல்றதுக்கென்னப்பா? கையெழுத்துப் போட்டாச்சே" என்றார், உண்மையாகவே வருத்தப்படுகிறவர்போல. "ஒண்ணு செய். மேட்ச் முடிஞ்சதும் வா. நல்ல கண் டாக்டர் ஒருத்தருக்கு எழுதித் தரேன்."

எச்சில் பாட்டிலை அவர் எதிரே, படிவத்தின்மேல் வைத்தான். ஜாடியை இரண்டு கையாலும் தூக்கினான். கடகடவென்று குடித்தான். மூக்கில் ஏறியது, இருமினான், மறுபடி குடித்தான். அடி தெரியும்வரை குடித்துவிட்டு வெளியே வந்தான்.

கூடத்தில் எடை மேடையைச் சுற்றிக் கூட்டம். எதிராளி ஏற்கனவே ஏறி இறங்கித் தசையை முறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். அவன் முகவாயில் வழிந்த தண்ணீரைப் பார்த்ததும் மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாப்ள! என்னடா பண்ண?"

மேடையில் ஏறி நின்றான். சிவப்பு எண்கள் தத்தளித்து நின்றன. அறுபத்தொன்று புள்ளி மூன்று. குறிப்பெழுதுகிறவர் அமைப்பாளரைப் பார்த்தார். அமைப்பாளர் கேமராக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்: அறுபது.

பேனா காகிதத்தைத் தொட்டது.

"நல்லாப் பாத்து எழுதுங்க" என்று அவன் கூடம் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னான். "உங்களுக்கு ரெண்டு கண்ணும் தெரியுதுல்ல?"

கேமராக்கள் எண்ணின் பக்கம் திரும்பின. பேனா அந்தரத்தில் நின்றது. "இறங்குடா, இறங்குடா" என்று மச்சான் அவன் இடப்பக்கம் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அது அவனுக்குத் தெரியவில்லை. வயிற்றில் தண்ணீர் குலுங்கியது. காய்ந்து கிடந்த வாயில் எச்சில் ஊறியது. பழக்கத்தில் கை பாட்டிலைத் தேடியது. பிறகு, மேடையைவிட்டு இறங்காமல், அதை நிதானமாக விழுங்கினான்.