நிலத்தின் மேல் நிற்பவை

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பின் கால்வாயோரம் விளக்குக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் டோபோகிராஃபி சர்வே. ரெங்கசாமி அங்கிள் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். கால்வாய் மேட்டு முனியாண்டி கோயிலை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்பவர். கோயில் என்றால் நாலு தகரம், ஒரு சூலம், ஒரு கல். நிலம் அரசாங்கத்துடையது. எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

நான் நில அளவை படிக்கப் போய் இரண்டாவது செமெஸ்டரில் நின்றவன். இப்போது கிடங்கு ஒன்றில் இரவுக் காவல். பகலில் தூங்கியவனை எழுப்பி அர்த்தம் கேட்டார்.

"நிலத்தோட மேடு பள்ளம், அது மேல நிக்கிறது எல்லாத்தையும் அளந்து படமாப் போடுறது அங்கிள். வீடு, மரம், கம்பம்."

"கோயிலு?"

"அதுவும்தான்."

படத்தில் ஏறினால் புல்டோசர் வரும் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்த ஊரில் எவனும் சும்மா வந்து அளக்க மாட்டான் என்று நானும் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் சூடம் காட்டி, முனியிடம் மன்னிப்புக் கேட்டுத் தகரத்தைப் பிரித்தோம். சூலத்தையும் கல்லையும் மஞ்சள் துணியில் சுற்றி என் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்தோம். சிமெண்டுத் தரையைப் பெயர்க்க முடியவில்லை. மேலே தென்னை மட்டைகளைக் குவித்தோம். இருபதடி தள்ளி சீனர்கள் கும்பிடும் டத்தோ கோங் சாமியின் சிவப்பு மாடம் இருந்தது. அதை யாரும் மறைக்கவில்லை.

அளக்க வந்தவள் செரீனா. தமிழ்ப் பெண், கழுத்தில் சிலுவை. அங்கிளுக்கு அதுவே சந்தேகம். முக்காலியில் கருவியை நிறுத்திவிட்டு வந்து மட்டைகளைக் காலால் விலக்கினாள். தரையில் குங்குமக் கறை.

"அண்ணே, இங்க கோயில் ஏதும் இருக்கா?"

"இல்ல," என்றேன்.

"இருந்தா சொல்லிடுங்க லா. நான் படத்துல போட்டாதான் டிசைன் பண்றவங்களுக்குத் தெரியும்."

நைசாகப் பேசி வாயைப் பிடுங்குகிறாள் என்று அங்கிள் என் காதில் சொன்னார். வெறும் இடம் என்றேன். அவள் அதையே குறித்துக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து, கால்வாயை அகலப்படுத்தும் திட்டப் படத்தை எங்கள் தாமான் மண்டபத்தில் மாட்டியிருந்தார்கள். கால்வாய்க் கோடு நேராக வந்தது. சிவப்பு மாடத்துக்கு முன்னால் வளைந்து விலகியது. பிறகு மறுபடி நேராகி, முனியின் இடத்தின் மேலேயே ஓடியது. அங்கே 'காலி இடம்' என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது.

அங்கிள் அந்த வளைவில் விரலை வைத்தார்.

"நீதானே அர்த்தம் சொன்ன."

சொன்ன அர்த்தத்தில் பிழையில்லை. எதை விட்டு விலகிப் போவது என்பதையும் அந்தப் படத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்தப் பாடம் வருமுன் நான் நின்றுவிட்டேன்.

அங்கே மேசையில் ஆட்சேபப் படிவம் இருந்தது. அளக்க வருவதற்கு முன்பு வரை அங்கே கோயில் இருந்தது, பிரித்து மறைத்தது நாங்கள், இல்லை என்று பொய் சொன்னது நான் என்று எழுதினேன். ஐசி அடையாள அட்டை எண்ணையும் போட்டேன்.

"கையெழுத்துப் போடாத. இத வச்சு உன்னைப் பிடிச்சா?" என்றார் அங்கிள்.

தெரியவில்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.