ஓலை தெரியும்வரை

விமானத்தின் மூக்கு என் மடியில் கிடந்தது. ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைக்குள் என் வீட்டுக்காரர் ஜெப்சன் நான்கு வருடமாகக் கட்டிவரும் ஒற்றை ஆள் விமானம் அது. என்ஜினை ஓடவிட்டுப் பார்த்ததில், அதன்மேல் கவிழ்க்கிற ஃபைபர் மூடி திருகுத் துளைகளைச் சுற்றி விரிசல் விட்டிருந்தது. குவைத்தில் விமானங்களுக்கே வேலை பார்த்த மனிதருக்கு ஃபைபர் ஒட்ட வராது. எனக்கு வரும். கடியப்பட்டணத்தில் அப்பா ஃபைபர் வள்ளம் செய்கிறவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு விளையாட்டே ரெசின் பசை தேய்ப்பதுதான்.

"உள்பக்கமா ரெண்டு மேட்டு போரும், கனி. கனம் கூடப்பிடாது," என்று சொல்லிவிட்டு, திருகு வாங்க அருமனைக்குப் போனார்.

பறக்க அனுமதித் தாள் வந்ததிலிருந்து எனக்கு உறக்கம் கிடையாது. போகவேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் நின்றுவிடுவார், அதுதான் பயம். அப்புறம் ஆயுசுக்கும் அந்தத் தொங்கிப்போன முகத்தை யார் பார்ப்பது?

கண்ணாடி நார் மேட் இரண்டை ரெசினில் நனைத்து ஒட்டினேன். வள்ளத்து மூக்கில் அப்பா காவலுக்கு வைப்பதுபோல, குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் தந்த ஓலையில் ஒரு துண்டு கிள்ளி வைத்தேன். கை நிற்கவில்லை. ஓலைக்குமேல் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. வள்ளத்துக்கென்றால் அதுவே போதாது. ரெசின் மணத்தில் தலை கிறங்கி, கொட்டகையே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது. கைப்பழக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய்.

மறுநாள் காலையில் மூடியைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார்.

"இத மாட்டினா மூக்கு தரைய விட்டு எழும்பாது, ஏட்டி."

"எழும்பாண்டாம். எனக்குப் பேடியாட்டு இருக்கு," என்றேன். பயம் என்று நான்கு வருடத்தில் அன்றுதான் சொன்னேன்.

மூடியை என் மடியில் வைத்துவிட்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"நீ சொன்னா நான் போவல்ல."

அந்த முகம் வந்துவிட்டது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கைக் கிரைண்டரை எடுத்துத் தேய்க்கிற உப்புத்தாள் வட்டை மாட்டினேன். ஐந்தாவது போனது. நான்காவது போனது. தூசி எழுந்து இரண்டு பேர் தலையும் நரைத்தது. மூன்றாவது மெலிந்து வந்தபோது கை தானாக நின்றது.

"இனி தேய்ச்சா ஓலை போயிரும்."

"அது இருக்கட்டு," என்றார்.

பெயின்ட் அடிக்காத மூடியை வாசல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் உள்ளே கசிந்து பரவியது. நடுவில் அந்த ஓலைத்துண்டு, அதன் நரம்புகூடத் தெரிந்தது. மறுபக்கத்திலிருந்து அவருடைய விரலின் நிழல் வந்து ஓலைமேல் நின்றது. நான் இந்தப் பக்கத்திலிருந்து என் விரலை அதன்மேல் வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது.