இரட்டைப் பருத்தி

நேசபாய் டீச்சருக்குத் துணியைப் பற்றி யாரும் பாடம் நடத்திவிட முடியாது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவர். பிறந்த குழந்தையா, பருத்தி. காய்ச்சலா, பருத்தி. வேர்க்குருவா, கேட்கவே வேண்டாம். பாலியஸ்டர் சட்டையோடு யாராவது எதிரில் வந்தால், மேலெல்லாம் வேகாதா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். வெயிலும் வேர்வையுமான ஊரில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மகன் ஜெரிஷ் நண்பர்களோடு இமயமலைக்கு நடக்கப் போனபோதும் அவரேதான் தைத்துக் கொடுத்தார். கனத்த பருத்தியை இரட்டையாகப் போட்டு, கணுக்கால்வரை இறங்கும் உள்பேண்ட். மேலே முழுக்கைப் பனியன். ஜெரிஷ் திரும்பி வரவில்லை. மழையில் நனைந்தான், மழை பனியாயிற்று, கூடாரம் வந்து சேருமுன் உடம்பு விறைத்துவிட்டது என்றார்கள். கர்த்தரின் சித்தம் என்று சபையில் சொன்னார்கள். டீச்சரும் இரண்டு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு என்னத்தைச் சொல்ல?

இப்போது மகள் அஜிஷா மலையேற்றப் பயிற்சிக்குப் போகிறாள். டீச்சர் அழுது பார்த்தார், ஒரு வாரம் பேசாமல் இருந்தும் பார்த்தார். அவள் அசைந்துகொடுக்கவில்லை. அண்ணன் போன மலையை முறையாகக் கற்றுக்கொண்டு ஏற வேண்டுமாம். கடைசியில் டீச்சர் மெஷினில் உட்கார்ந்து, அதே இரட்டைப் பருத்தியில் ஒரு ஜோடி தைத்தார். அஜிஷா வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

மழைக்கோட்டு மட்டும் பாக்கி. கோட்டாறில் ததேயுஸ் கடைக்குப் போனார்கள். இருபது வருடம் ஆழ்கடலுக்குப் போன மனிதர். முதுகு போனபிறகு கயிறும் மழைக்கோட்டும் விற்கிறார். கப்பல் வேலைக்குக் குளிர்நாட்டுப் பக்கம் போகிறவர்களும் குளிர் தாங்கும் உள்ளாடைக்கு அவரிடம்தான் வருவார்கள். பிள்ளை உள்ளே என்ன உடுக்கப் போகிறாள் என்று அவர் பேச்சுவாக்கில் கேட்க, டீச்சர் பெருமையாகச் சொன்னார்.

ததேயுஸ் கோட்டை மடிப்பதை நிறுத்தினார்.

"பருத்தியா? வேண்டாம் டீச்சர். நனைஞ்சா அது லேசுல காயாது. மேலோட ஒட்டிக்கிட்டு உள்ள சூட்டையெல்லாம் உறிஞ்சிரும். மழைக்காத்துல நடுக்கடல்ல நாங்க பட்டது. பாலியஸ்டர் போட்டவன் நடுங்குவான், பருத்தி போட்டவன் வெறைச்சுப் போவான். மலையில வேர்த்தாலே போதும்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார், பாவம், ஜெரிஷைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? டீச்சர் மகளைத் திரும்பிப் பார்த்தார். புதிதாக இதைக் கேட்கிறவள் என்றால் திடுக்கிட்டிருப்பாள். அஜிஷா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே கூட்டிவந்து கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அவனுக்கு?"

அஜிஷா பஸ் போகிற பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். எங்கோ படித்துவிட்டு, பருத்தி போடாதே அண்ணா என்று அவள்தான் சொன்னாளாம். அவனும் கம்பளி உள்ளாடை ஒன்று வாங்கினானாம். கிளம்புகிற அன்று அதை அவளுடைய அலமாரிக்குள் தள்ளிவிட்டுப் போனானாம்.

"அம்மா கஷ்டப்பட்டுத் தச்சதுல்லா, விட்டுட்டுப் போனா அவளுக்கு மனசு நோவும்னு சொன்னான்."

டீச்சருக்கு அழுகை வரவில்லை. என் பிள்ளையை நானே கொன்றேன் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதைச் சொல்வதற்குள், வீட்டில் பெட்டிக்குள் இருக்கும் ஜோடி நினைவுக்கு வந்துவிட்டது.

"அப்போ நீயும் நான் தச்சதப் போட்டுட்டுத்தான் மலை ஏறுவியா?"



டீச்சர் மறுபடியும் கடைக்குள் போனார். கம்பளியையும் பாலியஸ்டரையும் எடுத்துப் போடச் சொன்னார். பாட்டில் தண்ணீரை இரண்டின் ஓரத்திலும் ஊற்றிப் பிழிந்து, தன் கையில் சுற்றிக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் நின்றார். ததேயுஸ் ஏதோ கேட்க வந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். வெகுநேரம் கழித்து டீச்சர் கம்பளியில் இரண்டு ஜோடி எடுத்து மகள் கையில் வைத்தார்.

"நான் தச்சதுன்னு எதையும் உடுக்காண்டாம் மக்ளே. என் மனசு நொந்தா நொந்துட்டுப் போட்டும். நீ திரும்பி வா."